நான் ஊமையாக்கிய ராணி

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், மெர்லிமாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் என்னை லோரியிலிருந்து இறக்கி விட்டார்கள்.

சண்டையா? இல்லை. டிரைவரிடம் வாய் கொடுத்தேனா? இல்லை. குடித்திருந்தேனா? என் வீட்டுக்காரி இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறாள்... ஆகவே இல்லை, இல்லவே இல்லை.

எல்லாம் என் குரலால் வந்த வினை.

என் குரலைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால் நீங்கள் மலாக்காவில் எந்தக் கல்யாணத்துக்கும் போகாதவர். "மாப்பிள்ளை வீட்டார் பந்திக்கு வரவும்" என்று நான் மைக்கில் ஒரு தடவை சொன்னால் போதும். மண்டபத்துக்கு வெளியே புகை பிடித்துக்கொண்டிருப்பவர்கள்கூட அணைத்துவிட்டு ஓடி வருவார்கள். வெண்கலக் குரல்! இது நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம். வீட்டுக்காரியின் கருத்து வேறு. "ஏங்க, மைக்க அணைச்சிட்டுப் பேசுங்களேன்" என்பாள். வீட்டில் ஏது மைக்?

சரி, கதைக்கு வருகிறேன்.

தஞ்சோங் கிளிங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரன் சேகர். லோரி டிரைவர். மலாக்காவில் ஒரு சீன மொத்தக் கடைக்கு ஓட்டுகிறான். அரிசி, சீனி, மாவு எல்லாம் ஏற்றிக்கொண்டு உம்பாய், மெர்லிமாவ் வழியாக மூவார் வரை போய் வருவான். ஏற்ற, இறக்க கடைகளிலேயே ஆள் உண்டு. அதனால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஆள் கிடையாது. சேகரின் சோற்று டின்தான் அங்கே ஜம்மென்று உட்கார்ந்து ஊர் பார்த்துக்கொண்டு போகும்.

சேகர் மலாய்ப் பள்ளியில் படித்தவன். தமிழில் பேசுவான், பாடுவான், கெட்ட வார்த்தை சொல்வான். படிக்க மட்டும் வராது. ஆனால் கதை என்றால் உயிர். இப்படி ஒருத்தனுக்கு வாய்த்த மனைவிதான் வசந்தா. மெர்லிமாவ் தோட்டத்துப் பெண். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவள். கையில் கிடைத்த எதையும் படித்துவிடுவாள், மீன் சுற்றி வந்த காகிதம் உட்பட.

கல்யாணமான புதிதில் அவள் ஒரு வேலை செய்தாள். வாரப் பத்திரிகை ஒன்றில் ஒரு சரித்திரத் தொடர் வந்துகொண்டிருந்தது. ராஜா, ராணி, தேர், யானை, சதி... நானும் விடாமல் படிக்கிறேன். வசந்தா ஒவ்வொரு வாரமும் அந்த அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்து கேசட்டில் பதிவு செய்து சேகரிடம் கொடுத்துவிடுவாள். அவன் லோரியில் போட்டுக் கேட்டுக்கொண்டே போவான். வெளிநாட்டில் இப்படிப் புத்தகங்களைக் கேசட்டில் போட்டுக் காசுக்கு விற்கிறார்களாமே? நம் தாமானில் அது அப்போதே சும்மா நடந்தது.

வசந்தா எப்படிப் படிப்பாள் தெரியுமா? சுவர் மெலிசு. எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

போர்க்களக் காட்சி நாலு பக்கம் வரும். "அப்புறம் சண்டை நடந்துச்சு. நெறைய பேரு செத்துப் போனாங்க. பாவம்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவாள். ராஜா அணிந்திருந்த ஆபரணங்களை ஆசிரியர் வியர்க்க விறுவிறுக்க வர்ணித்திருப்பார். "இங்க நகையா எழுதியிருக்கு, ஒனக்கு எதுக்கு அது, நம்மள நகைக்கடைக்கா கூட்டிட்டுப் போகப் போற" என்று தாவிவிடுவாள். சேனாதிபதி சதி செய்தால் "நாசமாப் போறவன்!" என்பாள். எது கதை, எது வசந்தா என்று கேட்பவனுக்குப் பிரிக்கவே முடியாது.

எனக்குப் பொறுக்குமா? உச்சரிப்பு என்ன ஆவது? ஏற்ற இறக்கம் என்ன ஆவது? இலக்கியம் என்ன ஆவது? "இந்தப் பொண்ணுக்கு நாம ரெண்டு நாள் பயிற்சி கொடுக்கணும்" என்று ஒருநாள் என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இப்படி இருக்கையில், ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மறுநாளும் இல்லை. பிறகுதான் தெரிந்தது. வசந்தா பையைக் கட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"என்னடா சண்டை?" என்று கேட்டேன்.

"சண்டையே இல்லண்ணே! சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். கதையப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம். பாதியில எந்திரிச்சிட்டா. விடிஞ்சதும் பஸ் ஏறிட்டா. என்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா. நான் என்னா செய்யறது?"

"போய்க் கூட்டிட்டு வா."

"எதுக்குப் போனான்னே தெரியாம, என்னான்னு சொல்லிக் கூப்புடறது? எனக்கும் மானம் இருக்குல்ல."

மானம்! வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, அவள் தோட்டத்து முச்சந்தியைத் தாண்டித்தான் இந்த மானஸ்தன் போக வேண்டும். முச்சந்தி வந்ததும் கியரைக் குறைப்பானாம். எட்டிப் பார்ப்பானாம். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்ததும் போய்விடுவானாம். இதை அவனே சொன்னான்.

பிறகு தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். "அண்ணே, அந்தக் கதை பாதியில நிக்குது. ராஜா சண்டைக்குக் கெளம்பிட்டாரு. நீங்க கொஞ்சம் படிச்சுத் தர்றீங்களா?"

இதற்காகத்தானே நான் பிறந்ததே!

பதிவு வேலை மூன்று நாள் நடந்தது. ராஜாவுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு குரல். மந்திரிக்கு மூக்கால் ஒரு குரல். குதிரைக் குளம்படிக்கு இரண்டு கொட்டாங்குச்சி. முரசுக்கு பிஸ்கட் டின். ராணி மாடத்தில் நின்று விம்மும் இடத்தில் நானே விம்மினேன். ஒத்திகை பார்க்கும்போது வீட்டுக்காரி கதவைத் திறந்து, "ஏங்க, வயிறு சரியில்லையா?" என்றாள். கலைஞனுக்கு வீட்டில் எப்போது மரியாதை கிடைத்தது?

கேசட்டைக் கொடுத்தால் மட்டும் போதுமா? ரசிகனின் முகத்தை நேரில் பார்க்க வேண்டாமா? மூவாரில் ஒரு வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலை சேகரின் லோரியில் ஏறினேன். சோற்று டின் என் மடிக்கு மாறியது.

கிளம்பும்போது வீட்டுக்காரி ஜன்னல் பக்கம் வந்து சேகரிடம் சொன்னாள். "தம்பி, ஒங்க மாமனாரு நேத்து எங்க வீட்டுக்குப் போன் பண்ணாரு. வசந்தா திங்கக்கெழம பினாங்குக்குப் போறாளாம். அக்கா வீட்டோட தங்கி, பேக்டரில வேல பாக்கப் போறாளாம். பஸ் டிக்கட் எடுத்தாச்சாம். ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாரு. இன்னைக்குச் சனிக்கெழம. பாத்துக்குங்க."

சேகர் என்ஜினைக் கிளப்பினான். மலாக்கா டவுன் தாண்டும் வரை வாயைத் திறக்கவில்லை. நான்தான் அந்த மௌனத்தைக் கலைக்கும் பொறுப்பை ஏற்று, கேசட்டை உள்ளே தள்ளினேன்.

டொக்... டொக்... டொக்... குதிரைகள் வந்தன. முரசு அதிர்ந்தது. "மன்னர் மன்னன் எழுந்தான்!" என்று நான் முழங்கினேன். லோரியின் கண்ணாடி நடுங்கியது. நான் ஓரக்கண்ணால் ரசிகனைப் பார்த்தேன்.

ரசிகன் கொட்டாவி விட்டான்.

நான் ஒலியைக் கூட்டினேன். ராணி விம்மினாள். சேகர் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"யாரு செத்துட்டாண்ணே?"

"யாரும் சாகலடா. ராணி அழுறாங்க."

"ஓ..."

இன்னும் கொஞ்ச தூரம். மந்திரி மூக்கால் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். சேகர் கையை நீட்டிப் பொத்தானை அமுக்கிவிட்டான். வாக்கியத்தின் நடுவில்! கல்யாண மண்டபத்தில் கரண்டு போனபோதுகூட நான் இப்படிப் பாதியில் நின்றதில்லை.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நல்லாத்தான் படிக்கிறீங்க. ஆனா நீங்க ஆயிரம் பேருக்குப் படிக்கிறீங்க. லோரில நான் ஒருத்தன்தானே இருக்கேன்?"

நான் மடியிலிருந்த சோற்று டின்னை நேராக வைத்தேன்.

"அப்புறம்... ராணிக்கு என்னாண்ணே ஆச்சு? வாயே தொறக்க மாட்டேங்குது. சும்மா அழுதுக்கிட்டே இருக்கு. வசந்தா படிச்சா அது எப்படிப் பேசும் தெரியுமா? மந்திரி, சேனாதிபதி எல்லாம் சுத்தத் தமிழ்ல பேசுவாங்க. ராணி நம்மள மாதிரி பேசும். அதனாலேயே எனக்கு ராணியப் புடிக்கும். நீங்க அதை ஊமையாக்கிட்டீங்களே."

"ராணி எங்கேடா பேசுறா? ஆசிரியர் எழுதியிருந்தால்தானே நான் படிக்க முடியும்?"

"வசந்தாவுக்கு மட்டும் வேற எழுத்துலயா போட்டிருக்கு?" என்றவன், சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு கேசட்டை எடுத்தான். "கடைசியாப் படிச்சுக் கொடுத்தது. ரொம்பப் போட்டா தேஞ்சிடும். அதனால உம்பாய்ல போட்டு மெர்லிமாவ் முச்சந்தியில நிறுத்திடுவேன்."

"ஏன், அதுக்கு மேல போட மாட்டியா?"

"அந்த முச்சந்தியத் தாண்டிட்டா அப்புறம் அத கேக்க முடியலண்ணே."

உம்பாய் வந்தது. காலை நேரம், மீன் சாப்பாட்டுக் கடைகள் இன்னும் திறக்கவில்லை. நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். சேகர் கேசட்டைப் போட்டான்.

வசந்தாவின் குரல் வந்தது. முரசு இல்லை, குதிரை இல்லை. நடுவில் ஒரு இருமல். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு குரல், அவ்வளவுதான்.

சேகரின் உதடுகள் கூடவே அசைந்தன. சாமி பாட்டு முணுமுணுக்கிற மாதிரி, சத்தம் வராமல், வார்த்தைக்கு வார்த்தை. முழு கேசட்டும் மனப்பாடம்! ஸ்டியரிங்கில் இருந்த கை அவள் மூச்சு வாங்கும் இடங்களில் லேசாக இறுகியது. நான் திரும்பி வெளியே பார்த்தேன். சிலவற்றை உற்றுப் பார்க்கக்கூடாது இல்லையா?

அவள் படித்தாள்.

"ராஜா சண்டைக்குப் போக தேர்ல ஏறினார். ராணி வாசல்ல வந்து நின்னா. 'ராஜா, ஒங்க பக்கத்துல ஒரு எடம் சும்மாத்தானே இருக்கு. நானும் வரட்டா? ஆறு வரைக்கும்தான். அந்தப் பெரிய பாலத்தப் பாத்துட்டு வந்துர்றேன். கல்யாணமாயி இத்தன நாளாச்சு, நான் இன்னும் அந்தப் பாலத்தப் பாத்ததில்ல' அப்படின்னா. அதுக்கு ராஜா, 'பொம்பளைக்கு எதுக்குலா தேரு? வெயிலு, புழுதி. பேசாம அரண்மனையில இரு' அப்படின்னு சொல்லிட்டுப் போயிட்டார்."

ராஜா நம் ஊர்க்காரன் மாதிரி 'லா' போட்டுப் பேசுகிறார்!

நான் அந்த அத்தியாயத்தைப் படித்தவன். ராணி மன்னன் நெற்றியில் வீரத் திலகம் இடுவாள், மாடத்தில் ஏறுவாள், இரண்டு சொட்டுக் கண்ணீர் விடுவாள். முடிந்தது. தேரில் இடம் கேட்கவே மாட்டாள். அந்தக் கதையில் பாலமே கிடையாது.

"ராணி உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டா. அந்த அரண்மனை ரொம்பச் சின்னது. ரெண்டு ரூம்பு. ராணி கூட்டுனா, துடைச்சா, சமைச்சா. அப்பவும் மணி பத்துதான் ஆச்சு. 'நானும் தேர் ஓட்டப் பழகினா என்னா? எங்க அப்பா தோட்டத்துல டிராக்டர் ஓட்டுறப்ப நான் பக்கத்துல ஒக்காந்து எல்லாம் பாத்து வெச்சிருக்கேன்' அப்படின்னு ராணி நெனச்சா. ஆனா யாருகிட்ட சொல்றது? பக்கத்து அரண்மனையில ஒரு மந்திரி இருந்தாரு. நல்ல மனுசன். ஆனா எந்நேரமும் கல்யாணத்துல பேசற மாதிரி கத்திப் பேசிப் பழகிக்கிட்டே இருப்பாரு. ராணிக்கு மண்டை இடி..."

நான் சோற்று டின்னைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

சரித்திரத் தொடரில்... நான்!

"சேகர், நிறுத்து."

"கேசட்டையா, லோரியையாண்ணே?"

"ரெண்டையும்!"

ஓரமாக நிறுத்தினான். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். நான் நிதானமாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் முதல் முறையாக மெதுவான குரலில்.

"தம்பி, இதெல்லாம் புத்தகத்தில் இல்லை."

"எது?"

"ராணி தேரில் இடம் கேட்டது இல்லை. பாலம் இல்லை. கத்திப் பேசுற மந்திரி..." தொண்டையைச் செருமிக்கொண்டேன். "அவரும் இல்லை."

"ரெண்டு ரூம்பு?"

"எந்த ராஜாடா ரெண்டு ரூம்பு அரண்மனையில் இருப்பான்?"

"ஏழை ராஜான்னு நெனச்சேன்ணே."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. படிக்கத் தெரியாதவனுக்குப் புத்தகத்தின் மேல் இருக்கும் நம்பிக்கை நமக்கெல்லாம் வராது. அச்சில் இருப்பதைத்தான் அவள் படிக்கிறாள் என்று நினைத்துவிட்டான். லோரியில் நானும் வரட்டா, மூவார் பாலத்தைப் பார்க்கணும் என்று அவள் நேரில் கேட்டு ஒருமுறை 'வேண்டாம்' என்று ஆகியிருக்க வேண்டும். மறுபடி கேட்க அவளுக்கும் மானம் இருக்காதா? அதனால் ராணியை விட்டுக் கேட்கச் சொல்லியிருக்கிறாள். வாராவாரம் கேட்டிருக்கிறாள்.

"சேகர், அன்னைக்குச் சாப்பிடும்போது கதையைப் பத்தி என்ன பேசினே?"

அவன் வெளியே பார்த்தான். ஒரு மோட்டார் சைக்கிள் போனது. இன்னொன்று போனது.

"அந்த ராணிக்கு வாய் ஜாஸ்தி, ராஜா நெலமைல நான் இருந்தா அரண்மனைய வெளிய பூட்டிட்டுப் போயிருப்பேன்னு சொன்னேண்ணே. தமாசுக்குத்தான்... ராணியத் திட்டுனா இவளுக்கு என்னான்னு..."

பாதியில் நிறுத்திவிட்டான். ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். அரிசி மூட்டைகளோடு லோரி அதிர்ந்தபடி நின்றது.

பிறகு நிமிர்ந்து, "இப்ப போயி என்னான்னு சொல்றது?" என்றான்.

"நான் பேசுறேன் தம்பி. பொறுமை, இல்லறம், விட்டுக்கொடுத்தல் — மூணு தலைப்பில் நான் மண்டபத்துக்கு மண்டபம் பேசுறதுதானே?"

"ஐயோ வேணாம்ணே! நீங்க பேசுனா அவ இன்னைக்கே பினாங்குக்குப் போயிடுவா."

முச்சந்தி வந்தது. கியரைக் குறைத்தான். எட்டிப் பார்த்தான். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். சேகர் லோரியை உள்ளே திருப்பிவிட்டான்.

மூட்டை மூட்டையாக அரிசி ஏற்றிய லோரி தோட்டத்துச் செம்மண் பாதையில் போனால் என்ன ஆகும்? வீட்டுக்கு வீடு ஆள் எட்டிப் பார்த்தார்கள். "அரிசி யாருக்கு? கோயிலுக்கா?" என்று ஒருவர் கூடவே நடந்து வந்தார். வசந்தாவின் அப்பா வாசலில் நின்று, "வாங்க மாப்ள! அரிசியோட வந்துட்டீங்க, நிரந்தரமாத் தங்கப் போறீங்களா?" என்றார்.

வசந்தா கம்பியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். மறுபடி துணியை உதறினாள்.

"என்னா, லோரி வழி தவறிடுச்சா?"

சேகர் இறங்கி நின்றான். நான் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். பேசக்கூடாது என்று உத்தரவாயிற்றே.

"வசந்தா, அந்த ராணி..."

"எந்த ராணி?"

"ரெண்டு ரூம்பு ராணி."

அவள் கை கம்பியிலேயே நின்றது. மெதுவாக என் பக்கம் பார்த்தாள். நான் சோற்று டின்னைப் பார்த்தேன்.

"அண்ணன் சொன்னாரா?"

"ஆமா. புத்தகத்துல இல்லையாம்."

"எப்ப வெளங்குச்சு?"

"இப்பத்தான். உம்பாய் தாண்டி."

"அதுக்கு முன்ன எத்தன தடவ கேட்டிருப்ப அந்தக் கேசட்ட?"

"தெனம் கேட்டேன்."

"தெனம் கேட்டும் வெளங்கலையா ஒனக்கு?"

சேகர் தலையைக் குனிந்துகொண்டான். "கதைய எங்க கவனிச்சேன்? ஒன் கொரலத்தானே கேட்டுக்கிட்டு இருந்தேன்."

நல்ல குரலுக்கு இப்படி ஒரு ஆபத்தும் இருக்கிறது, வாசகர்களே! மோசமாகப் படித்தால் கதை காதில் ஏறாது — அதற்கு நானே சாட்சி. மிக நன்றாகப் படித்தாலும் ஏறாது போலிருக்கிறது. அந்தப் பையன் வாரக்கணக்கில் குரலைக் குடித்துவிட்டுக் கதையை அப்படியே தட்டில் வைத்திருந்தான்.

வசந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை உடனே விழுங்கிவிட்டாள். கண்ணை ஈரத் துணியால் துடைத்தாள். கேட்டால் சோப்பு நுரை என்பாள்.

"இப்ப என்னா? மூவார் பாலத்தக் காட்டிட்டா எல்லாம் சரியாயிடும்னு வந்தியா?"

"ஆமா... இல்ல. பின்ன?"

"லைசென்ஸ் எடுக்கணும்."

"லோரி லைசென்ஸா!"

"மொதல்ல சின்னக் காடி. லோரி அப்புறம் பாக்கலாம்."

சேகர் உதவிக்கு மாமனாரைப் பார்த்தான். அவர் கையை விரித்தார். "என்னா என்னயப் பாக்கறீங்க மாப்ள? எட்டு வயசுலேயே என் டிராக்டர் சாவிய ஒளிச்சு வெச்சவ அவ."

"லைசென்சப் பத்தி வீட்டுல போயி மெதுவாப் பேசிக்கலாமே" என்றான் சேகர்.

"அப்ப நானும் மெதுவா வர்றேன்." அடுத்த துணியை எடுத்தாள்.

கதவோரம் ஒரு பெரிய பை தெரிந்தது. பினாங்குக்குக் கட்டி வைத்த பை. மைக் பிடித்துப் பழகிய எனக்கு வாய் நமநமத்தது. ஒரே ஒரு வார்த்தை... நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்தேன், வலித்தது.

சேகர் செம்மண்ணைக் காலால் கிளறினான். ஒரு லோரி டிரைவருக்கு மனைவி வண்டி ஓட்டுவது பற்றி என்னென்ன கவலை இருக்கும் என்று எனக்குத் தெரியும். கோப்பிக் கடையில் கிண்டல் செய்வார்கள். கடை முதலாளி தவுக்கே சிரிப்பான். எல்லாம் அவன் முகத்தில் வரிசையாக வந்து போயின.

பிறகு லோரியைச் சுற்றி என் பக்கம் வந்து கதவைத் திறந்தான்.

"அண்ணே, எறங்குங்க."

"நானா?"

"எடம் வேணும்ல."

நான் இறங்கினேன். சோற்று டின்னையும் வாங்கி வசந்தாவிடம் கொடுத்தான். "நாளைக்கே வண்டி பழகற எல் லைசென்சுக்குப் படம் எடுத்துருவோம்" என்றான்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம."

"சரி, திங்கக்கெழம."

திங்கட்கிழமை என்றதும் அவள் ஒரு நிமிடம் அவனையே பார்த்தாள். அன்றைக்குத்தானே பினாங்கு பஸ்? கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பெரிய பை?" என்றான் சேகர்.

"அது இங்கயே இருக்கட்டும். ஒன் பேச்சு பேச்சாவே நிக்குதா, இல்ல நடக்குதான்னு பாத்துட்டு எடுத்துக்கறேன்."

என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, மந்திரியப் பத்திப் படிச்சதுக்கு..."

"பரவாயில்லம்மா. நல்ல மனுசன்னும் சொல்லியிருக்கியே."

லோரி கிளம்பிப் போய்விட்டது. வெயிலில், புழுதியில், அந்த உயரமான சீட்டில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து போனதைப் பார்க்க வேண்டுமே! எந்த ஓவியரும் அப்படி ஒரு ராணியை வரைந்ததில்லை. நான் சேகர் மாமனாரோடு ஒரு கோப்பி குடித்துவிட்டு, மெர்லிமாவ் வரை யாரோ ஒரு தம்பியின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு போய், பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். "மூவார் வேலை முடிஞ்சதா?" என்றாள் வீட்டுக்காரி. முடிந்தது என்றேன். அது பொய் இல்லையே?

இப்போது நிலவரம் என்ன என்று கேட்பீர்கள்.

எல் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் வசந்தா லோரியில் போகிறாள். பெரிய பை இன்னும் மெர்லிமாவில்தான். ஆனால் அதற்குள் இருந்த சேலைகள் வாரத்துக்கு ஒன்றாகத் தஞ்சோங் கிளிங் வந்து சேர்கின்றன.

நஷ்டம் யாருக்கு? எனக்குத்தான்.

கேசட் பதிவு நின்றுவிட்டது. இப்போது கதை எல்லாம் லோரியிலேயே, நேரடியாக! சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. நானும் வாராவாரம் பத்திரிகையைப் பிரிக்கிறேன். என்ன நடை, என்ன வர்ணனை! ஆனால் படிக்க ஓடவில்லை. தேரில் இடம் கேட்ட அந்த ராணியை ஒருமுறை கேட்டுவிட்ட காதுக்கு, மாடத்தில் அழுகிறவள் யாரோ மாதிரி இருக்கிறாள். சாயங்காலம் லோரி வரும் நேரத்தில் வேலியோரம் போய் நிற்கிறேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாகப் பேர். மிச்சக் கதை ஒரு வரியாவது காதில் விழாதா? வாய் கொண்டே பிழைத்தவன், இந்த வயதில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முந்தாநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "வசந்தா... நம்ம ராணி என்னம்மா ஆனா?"

"புத்தகத்துல என்னாண்ணே போட்டிருக்கு?"

"இன்னும் மாடத்துல நின்னு அழுதுக்கிட்டுத்தான் இருக்கா."

வசந்தா லோரிக் கதவைச் சாத்தினாள். "பாவம்ணே. அவளுக்கு வாய்ச்சது வெறும் ராஜாதானே."